பாண்டு ஃபண்டில் மேனேஜர் நாற்காலி யாருக்கு?

கடன் கொடுத்தவருக்கு அதிகபட்சம் கிடைப்பது வட்டியும் முதலும். வாங்கியவர் அந்தப் பணத்தில் கோட்டையே கட்டினாலும் பேசிய வட்டிக்கு மேல் ஒரு பைசா வராது. அவர் நொடித்துப்போனால் மட்டும் முதலும் சேர்ந்து போகும். பங்கில் கதை வேறு. பத்துப் பங்கு வாங்கி ஒன்பது சொதப்பினாலும் பத்தாவது இருபது மடங்காகி எல்லாவற்றையும் மூடிவிடலாம். கடன் பத்திரத்தில் அந்தப் பத்தாவது கிடையாது. 7 சதவீத வட்டிக்கு நூறு பேருக்குக் கடன் கொடுத்து, 98 பேர் ஒழுங்காகத் திருப்பித் தந்து, இரண்டே பேர் மொத்தமாகக் கைவிரித்தால், அந்த வருட வட்டியில் கால் பங்குக்கு மேல் காலி.

பங்கு ஃபண்டுகளைப் பற்றிப் பேசிப் பேசி, “சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டு போதும், மேனேஜருக்கு எதற்குக் கூலி?” என்ற முடிவுக்கு வந்தவர்கள் இப்போது நிறைய. அதே முடிவை, கடன் பத்திரங்களில் பணம் போடும் பாண்டு ஃபண்டுக்கும் தூக்கிக்கொண்டு வரலாமா என்பதுதான் கேள்வி. என் பதில்: பெரும்பாலும் வரலாம். ஆனால் காரணம் வேறு, அதோடு ஒரு வேலையும் ஒட்டிக்கொண்டு வரும். நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டு வாங்கியவர் அதன்பின் சும்மா இருக்கலாம். பாண்டு இண்டெக்ஸ் ஃபண்டு வாங்கியவர் மேனேஜரை அனுப்பிவிட்டு, அவருடைய நாற்காலியில் பாதி இடத்தில் தானே உட்கார்கிறார்.

முதலில் கூலிக் கணக்கைப் பார்த்துவிடுவோம், அதுதான் எளிது. ரூ.10 லட்சம் போடுகிறீர்கள். ஃபண்டில் உள்ள பத்திரங்கள் ஆண்டுக்கு 7 சதவீதம் தருகின்றன. ஏழு ஆண்டு விட்டுவைக்கிறீர்கள். செலவு விகிதம், அதாவது ஃபண்டு நிறுவனம் ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ளும் கூலி, 0.2 சதவீதம் என்றால் கையில் கிடைப்பது சுமார் ரூ.15.85 லட்சம். 0.8 சதவீதம் என்றால் ரூ.15.24 லட்சம். ரூ.61,000 வித்தியாசம், அதாவது சம்பாதித்திருக்க வேண்டிய தொகையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். பங்கு ஃபண்டில் இதே 0.6 சதவீதம் ஏற்ற இறக்கத்தில் கண்ணுக்கே தெரியாது. இங்கே ஒரே முதிர்வுள்ள மத்திய அரசுப் பத்திரத்துக்கும் உயர்தரப் பொதுத்துறைப் பத்திரத்துக்கும் உள்ள வட்டி வித்தியாசமே பெரும்பாலும் அரை சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். அந்த இடுக்கில் மேனேஜர் தன் கூலியையும் எடுத்து, நமக்கும் மிச்சம் வைக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த ஒப்பீட்டைச் செய்கிற பலர் பாசிவ் ஃபண்டின் (இண்டெக்ஸைப் பின்பற்றுவது) டைரக்ட் பிளானையும் ஆக்டிவ் ஃபண்டின் (மேனேஜர் தேர்ந்தெடுப்பது) ரெகுலர் பிளானையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். டைரக்டில் நேரடியாக வாங்குகிறோம், ரெகுலரில் விநியோகஸ்தர் வழியாக. அதில் பாதி வித்தியாசம் விநியோகஸ்தர் கமிஷன், மேனேஜரின் தவறில்லை. 2013 ஜனவரியிலிருந்து டைரக்ட் பிளான் எல்லாருக்கும் கிடைக்கிறது. பெரிய கார்ப்பரேட் பாண்டு ஃபண்டுகள் சிலவற்றின் டைரக்ட் செலவு 0.3, 0.4 சதவீத அளவில்தான். டைரக்டையும் டைரக்டையும் வைத்துப் பார்த்தால் இடைவெளி நன்றாகவே சுருங்கும்.

மேனேஜரிடம் இருக்கும் இரண்டு நெம்புகோல்கள்

இண்டெக்ஸை முந்த பாண்டு மேனேஜருக்கு உருப்படியாக இரண்டே வழிகள்தான். மலிவாக மாட்டுகிற பத்திரத்தைத் தேடிப்பிடிப்பது மூன்றாவது வழி என்பார்கள். உண்மைதான், ஆனால் அதில் தேறுவது சில்லறை.

முதல் நெம்புகோல் டியூரேஷன். வட்டி விகிதம் ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும், வட்டி இறங்கினால் விலை ஏறும். எவ்வளவு என்பதைச் சொல்லும் எண்தான் டியூரேஷன். அது 7 என்றால், வட்டி 1 சதவீதப் புள்ளி ஏறும்போது ஃபண்டின் மதிப்பு சுமார் 7 சதவீதம் இறங்கும். வட்டி குறையப்போகிறது என்று மேனேஜர் நினைத்தால் நீண்ட காலப் பத்திரத்துக்குப் போவார், ஏறப்போகிறது என்றால் குறுகியதற்கு வருவார். டைனமிக் பாண்டு ஃபண்டு என்ற வகையே இதற்காகத்தான். சரியாகக் கணித்தால் லாபம் பிரமாதம். ஆனால் ரிசர்வ் வங்கியின் அடுத்த முடிவைத் தொடர்ந்து சரியாகச் சொல்லக்கூடியவர் யார்? 2022 மே 4 அன்று, கால அட்டவணையில் இல்லாத ஒரு கூட்டத்துக்குப் பிறகு ரெப்போ, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டி, 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆனது. தொழில்முறையாளர்கள் பலரே அன்று திகைத்துப்போனார்கள்.

இரண்டாவது நெம்புகோல் கிரெடிட். தரம் குறைந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தால் வட்டி கூடும். இதை ஃபண்டுக்குள் செய்யும்போது, விபத்து நடக்கும்வரை, அது திறமை மாதிரியே தெரியும். ஒவ்வொரு மாதமும் என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பு, நேர்கோடாக ஏறும். பக்கத்து ஃபண்டைவிட ஒன்று, ஒன்றரை சதவீதம் கூட வரும். நட்சத்திர மதிப்பீடும் பின்னாலேயே வரும். உள்ளே இருக்கும் ஆபத்து மட்டும் வரைபடத்தில் தெரியாது.

2018-இலிருந்து 2020 வரை இந்தியாவில் அது தெரிந்தது. உள்கட்டமைப்புக்குக் கடன் கொடுத்த ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிறுவனத்தின் ரேட்டிங் (கடன் தர மதிப்பீடு) 2018 ஆகஸ்ட், செப்டம்பரில் சில வாரங்களிலேயே மேல்தட்டிலிருந்து, தவணை தவறியதைக் குறிக்கும் ‘டி’ வரை விழுந்தது. 2019 ஜூனில் வீட்டுக்கடன் நிறுவனமான டி.எச்.எஃப்.எல். தவணை தவறியது. 2020 மார்ச்சில் யெஸ் வங்கியின் ரூ.8,415 கோடி கூடுதல் மூலதனப் பத்திரங்கள் ஒரே அடியில் பூஜ்யம் என்று எழுதித் தள்ளப்பட்டன. அடுத்த மாதம், 2020 ஏப்ரல் 23 அன்று, ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் என்ற ஃபண்டு நிறுவனம் தன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடுவதாக அறிவித்தது. சிக்கிய தொகை சுமார் ரூ.25,000 கோடி.

அந்த ஆறில் ஒன்றின் பெயர் ‘அல்ட்ரா ஷார்ட் பாண்டு ஃபண்டு’. மூன்று முதல் ஆறு மாத டியூரேஷன் உள்ள வகை அது. பெயரைப் பார்த்து, சேமிப்புக் கணக்குக்குக் கொஞ்சம் மேலே என்று நினைத்துப் பணம் போட்டவர்கள் உண்டு. காலம் குறுகியதுதான், ஆனால் தரம் தாழ்ந்தது. வகைப்பெயர் முதல் நெம்புகோலைப் பற்றி மட்டும்தான் பேசியது, இரண்டாவதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கொரோனா முடக்கத்தில் யூனிட்தாரர்கள் பணத்தைத் திரும்பக் கேட்க, அந்தப் பத்திரங்களை வாங்க ஆளில்லை. சென்னையைச் சேர்ந்த முதலீட்டாளர் அமைப்பு ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. பல ஊர் வழக்குகளும் சேர்ந்து கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போய், பிறகு உச்ச நீதிமன்றம் வந்தன. முதல் தவணையாக ரூ.9,122 கோடி 2021 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் வெளியே வந்தது.

கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். காலப்போக்கில் பத்திரங்களை விற்று, வசூலித்து, மூடிய நாளில் இருந்த மொத்த மதிப்பைவிடக் கூடுதலாகவே பணம் திரும்பியது. ஆக, மேனேஜர் தேர்ந்தெடுத்த பத்திரங்களில் பெரும்பாலானவை குப்பை அல்ல. எந்த நாளும் பணம் எடுக்கலாம் என்று வாக்குக் கொடுத்த பாத்திரத்தில், எந்த நாளும் விற்க முடியாத சரக்கை வைத்ததுதான் பிழை. பெண் கல்யாணத்துக்கு 2020 ஜூனில் பணம் தேவைப்பட்டவருக்கு 2022-இல் முழுத் தொகையும் வந்தது பெரிய ஆறுதலாக இருந்திருக்காது.

இதனால் எல்லா ஆக்டிவ் ஃபண்டும் இப்படித்தான் என்று ஆகாது. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2017 அக்டோபரில் கடன் ஃபண்டுகளை 16 வகையாகப் பிரித்தது. ரேட்டிங்கில் ஏ.ஏ.ஏ. உச்சம், அடுத்து ஏ.ஏ.பிளஸ், பிறகு ஏ.ஏ. கிரெடிட் ரிஸ்க் ஃபண்டு 65 சதவீதத்தை ஏ.ஏ.வும் அதற்குக் கீழும் உள்ள பத்திரங்களில் வைக்க வேண்டும். கார்ப்பரேட் பாண்டு ஃபண்டு 80 சதவீதத்தை ஏ.ஏ.பிளஸும் அதற்கு மேலும் வைக்க வேண்டும். இரண்டுமே ஆக்டிவ்தான். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம், ஆக்டிவுக்கும் பாசிவுக்கும் நடுவே உள்ள தூரத்தைவிட அதிகம்.

இந்தியாவில் பாசிவ் என்றால் என்ன

அமெரிக்காவில் பாண்டு இண்டெக்ஸ் ஃபண்டு என்றால் சந்தையையே வாங்குவது. ஃபண்டு நிறுவனமான வேன்கார்டு 1986-இல் தொடங்கிய வழி அது. அங்கே பொதுவாகப் பயன்படும் அக்ரிகேட் இண்டெக்ஸில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பத்திரங்கள், அதில் 40 சதவீதத்துக்கு மேல் அமெரிக்க அரசின் பத்திரம். இந்த முறையை விமர்சிப்பவர்கள் ஒரு நல்ல கேள்வி கேட்பார்கள்: பங்கு இண்டெக்ஸில் மதிப்பு கூடிய நிறுவனத்துக்கு எடை கூடும், பாண்டு இண்டெக்ஸில் கடன் கூடியவருக்கு எடை கூடுகிறதே, இது என்ன நியாயம்? அங்கே பல ஆக்டிவ் பாண்டு ஃபண்டுகள் இண்டெக்ஸை முந்தியதும் உண்டு. எப்படி என்று தோண்டினால், இண்டெக்ஸில் இல்லாத தரம் குறைந்த பத்திரங்களைச் சேர்த்துக்கொண்டதுதான் பெரும்பாலும் விடை. 2008 மாதிரி பங்குகள் விழும்போது அந்தப் பத்திரங்களும் கூடவே விழும். பங்கு விழும்போது தாங்குவதற்காகத்தானே வீட்டுக் கணக்கில் பாண்டு வைப்பது?

இந்தியாவில் கதை வேறு மாதிரிப் போனது. இங்கே கார்ப்பரேட் பத்திரங்களில் பெரும்பகுதி தனிப்பட்ட பேச்சுவார்த்தையில் விற்கப்படுபவை. வெளியிட்டபின் பல பத்திரங்கள் மாதக்கணக்கில் கைமாறுவதே இல்லை. மொத்தச் சந்தையையும் வாங்கும் இண்டெக்ஸ் நடைமுறைக்கு ஒத்துவராது. பதிலாக வந்தது, குறிப்பிட்ட ஆண்டில் முடிந்து பணத்தைத் திருப்பித் தரும் டார்கெட் மெச்சூரிட்டி ஃபண்டு. 2019 டிசம்பரில் மத்திய அரசின் முன்முயற்சியில், எடெல்வைஸ் நிறுவனத்தின் நிர்வாகத்தில், பாரத் பாண்டு இ.டி.எஃப். (பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டு) வெளியானது. 2023 ஏப்ரல், 2030 ஏப்ரல் என இரண்டு முதிர்வுகள். உள்ளே ஏ.ஏ.ஏ. தரமுள்ள பொதுத்துறை நிறுவனப் பத்திரங்கள் மட்டும். செலவு விகிதம் 0.0005 சதவீதம், அதாவது ரூ.2 லட்சத்துக்கு ஆண்டுக்கு ஒரு ரூபாய். பிறகு வந்த மற்ற நிறுவனங்களின் ஃபண்டுகள் இந்த விலைக்கு வரவில்லை என்றாலும் மலிவுதான்.

சிலவற்றில் பொதுத்துறைப் பத்திரங்களோடு மாநில அரசுகளின் கடன் பத்திரங்களும் இருக்கும். வட்டி மத்திய அரசுப் பத்திரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். அதிகம் கடன் வாங்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று என்பதால், ஃபண்டின் மாதாந்திரப் பட்டியலைத் திறந்தால் நம் மாநிலத்தின் பெயர் அடிக்கடி கண்ணில் படும். நம் பணத்தை மும்பையில் உள்ள ஃபண்டு நிறுவனம் வாங்கி, கோட்டைக்கே கடனாகத் திருப்பி அனுப்புகிறது என்று நினைக்க எனக்கு ஒரு சின்ன வேடிக்கை.

இந்த ஃபண்டுகளின் பலம் இண்டெக்ஸ் என்ற சொல்லில் இல்லை என்பது என் கருத்து. பலம் இரண்டு: உள்ளே என்ன இருக்கும் என்பது விதியாக எழுதப்பட்டிருக்கிறது, எப்போது முடியும் என்பது பெயரிலேயே இருக்கிறது. வருடம் ஓட ஓட டியூரேஷன் தானாகக் குறைந்துகொண்டே வரும். ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி நடந்துகொள்ளும் ஃபண்டு என்று சொல்லலாம். வாங்கும் நாளில் பட்டியலில் உள்ள ஒய்.டி.எம்., அதாவது முதிர்வுவரை வைத்திருந்தால் கிடைக்கும் வருமானம், அதிலிருந்து செலவு விகிதத்தைக் கழித்தால் வருவதுதான் ஏறத்தாழ உங்கள் வருமானம். எந்த டைனமிக் பாண்டு ஃபண்டும் இந்த அளவுக்கு முன்கூட்டியே சொல்ல முடியாது.

குறையும் உண்டு. ‘அரசு’ என்ற சொல்லின் நிழலில் சிலர் இதை வங்கி டெபாசிட்டுக்குச் சமமாக நினைக்கிறார்கள். பொதுத்துறைப் பத்திரத்துக்கு மத்திய அரசு பொதுவாக உத்தரவாதம் தருவதில்லை. பட்டியலிலும் மின்துறை, ரயில், நபார்டு என்று சில பெயர்களே மறுபடி மறுபடி வரும். அவற்றில் ஒன்று தள்ளாடினால் இண்டெக்ஸ் ஃபண்டு முன்கூட்டியே நழுவாது. ரேட்டிங் விழுந்து, விதிப்படி நீக்கும் நேரம் வரும்போது விலையும் விழுந்திருக்கும். நல்ல ஆக்டிவ் மேனேஜர் கூலிக்கு நியாயம் செய்யும் இடம் அதுதான். ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். ரேட்டிங் மேலே இருந்தபோதே அதைத் தொடாமல் விட்ட ஃபண்டுகளும் இருந்தன. வாங்காததற்காக அவர்களுக்கு யாரும் நட்சத்திரம் கொடுக்கவில்லை.

நாற்காலியில் நீங்கள்

இப்போது பாதி நாற்காலிக்கு வருவோம். 2019 டிசம்பரில் 2030 முதிர்வை வாங்கியவர் 7.5 சதவீதத்தை ஒட்டிய வருமானத்தைப் பூட்டிக்கொண்டார். 2020 ஜூலையில் அதே பாரத் பாண்டின் 2025 முதிர்வை வாங்கியவருக்குப் பூட்டப்பட்டது 6 சதவீதத்துக்கும் கீழே. இருவரும் பாசிவ் முதலீட்டாளர்கள்தான், ஃபண்டு நிறுவனமும் ஒன்றே. முதிர்வு ஆண்டைத் தேர்ந்தெடுத்தது அவர்கள், வாங்கிய நாளைத் தேர்ந்தெடுத்ததும் அவர்கள். டியூரேஷன் நெம்புகோல் மேனேஜர் கையிலிருந்து முதலீட்டாளர் கைக்கு வந்திருந்தது, அவ்வளவுதான்.

நீண்ட முதிர்வை எடுத்து, நடுவில் எடுக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று தொலைவில் இல்லை. இந்தியப் பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் வருமானம் 2020-இல் 6 சதவீதத்தை ஒட்டி இருந்து, 2022 நடுவில் 7.5 பக்கம் போனது. டியூரேஷன் 7 என்றால் விலையில் மட்டும் சுமார் 10 சதவீதம் அடி. வட்டி வரவு அதை ஓரளவு ஈடுகட்டும், உடனே அல்ல. அமெரிக்க அக்ரிகேட் இண்டெக்ஸ் 2022 என்ற ஒரே ஆண்டில் 13 சதவீதம் இறங்கியது. தரக் குறைபாடு எதுவும் இல்லை, ஒருவரும் தவணை தவறவில்லை. இண்டெக்ஸ் தன் விதிப்படி நடந்தது.

அதனால்தான் ஆக்டிவா பாசிவா என்பதற்கு முன்னால், இந்தப் பணம் எப்போது வேண்டும் என்று கேட்கச் சொல்கிறேன். பையன் 2032-இல் கல்லூரிக்குப் போகிறான் என்று தேதி தெரிந்த பணத்துக்கு, அதை ஒட்டிய ஆண்டில் முடியும் டார்கெட் மெச்சூரிட்டி ஃபண்டைவிடப் பொருத்தமான ஆக்டிவ் ஃபண்டை நான் பார்த்ததில்லை. ஆறு மாதத்துக்குள் தேவைப்படலாம் என்ற பணத்துக்கு இந்த விவாதமே வேண்டாம். லிக்விட் ஃபண்டில் 91 நாளுக்கு மேற்பட்ட பத்திரம் கூடாது, மேனேஜர் நினைத்தாலும் ஆட இடமில்லை. மிச்சம் இருப்பது தேதி இல்லாத பணம்: பங்கோடு சேர்த்து நிரந்தரமாக வைக்கும் 30, 40 சதவீதம். இங்கேதான் நம் ஊரில் பாசிவ் வரிசை மெலிந்திருக்கிறது, முடிவுத்தேதி இல்லாத பாண்டு இண்டெக்ஸ் ஃபண்டுகள் குறைவு. செலவு குறைந்த டைரக்ட் கார்ப்பரேட் பாண்டு ஃபண்டோ ஷார்ட் டியூரேஷன் ஃபண்டோ வைத்திருப்பவர் எதையும் தவறவிட்டதாக நான் நினைக்கவில்லை. விதியால் கட்டப்பட்ட ஒன்றுதான் வேண்டும் என்றால், பத்தாண்டு டியூரேஷனை மாறாமல் வைத்திருக்கும் கில்ட் (அரசுப் பத்திர) ஃபண்டு வகை பெயரளவில் ஆக்டிவ், குணத்தில் பாசிவ். ஆனால் அதன் ஆட்டத்தைத் தாங்க நெஞ்சுரம் வேண்டும்.

ஆக்டிவ் ஃபண்டை எடுப்பவர் ஒரு சின்ன வேலை செய்யலாம். 2021 டிசம்பரிலிருந்து ஒவ்வொரு கடன் ஃபண்டும் தான் அதிகபட்சம் எவ்வளவு ஆபத்து எடுக்கும் என்பதை ஒன்பது கட்ட அட்டவணையில் சொல்லியாக வேண்டும். ஏ, பி, சி என்பது கடன் தர ஆபத்து, ஒன்று முதல் மூன்று வரை வட்டி ஆபத்து. அல்ட்ரா ஷார்ட் என்ற பெயரோடு ‘சி’ கட்டத்தில் ஒரு ஃபண்டு உட்கார்ந்திருந்தால், 2020 ஏப்ரலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வகையில் உள்ள மற்ற ஃபண்டுகளைவிட ஒரு ஃபண்டின் ஒய்.டி.எம். ஒரு சதவீதம் கூடுதலாக இருந்தாலும் அதே நினைப்பு வர வேண்டும்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. டார்கெட் மெச்சூரிட்டி ஃபண்டுகள் அவ்வளவு வேகமாக வளர்ந்ததில் பாதிக் காரணம் பழைய வரிச்சலுகை. மூன்று ஆண்டு வைத்திருந்தால் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற அந்தச் சலுகை, 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கும் கடன் ஃபண்டு யூனிட்டுகளுக்கு இல்லை. எத்தனை வருடம் வைத்திருந்தாலும் லாபம் உங்கள் வருமான வரி அடுக்கில் சேரும். ஆக்டிவ், பாசிவ் இரண்டுக்கும் ஒரே விதிதான், ஆகவே இந்தத் தேர்வில் வரி இனி எந்தப் பக்கமும் சாயாது. டெபாசிட்டோடு ஒப்பிட்டால் மட்டும் ஒரு சிறு வசதி மிச்சம்: டெபாசிட் வட்டிக்கு ஆண்டுதோறும் வரி, ஃபண்டில் யூனிட்டை விற்கும்போதுதான்.

டார்கெட் மெச்சூரிட்டி ஃபண்டை விற்பவர்கள் முதிர்வு நாள்வரைதான் பேசுவார்கள். அதற்கு மறுநாள் பணம் வங்கிக் கணக்கில் நிற்கும், மறுபடி எங்கே போடுவது என்ற கேள்வியோடு. பாரத் பாண்டின் 2025 முதிர்வு அந்த ஆண்டு ஏப்ரலில் முடிந்தது. பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி ரெப்போவை 6.5-லிருந்து குறைக்கத் தொடங்கியிருந்தது. ஏப்ரலில் 6 ஆனது, ஜூனில் 5.5. பணம் கைக்கு வந்தபின் இரண்டு மாதம் யோசித்துக்கொண்டிருந்தவருக்கு, அந்த இரண்டு மாதத்துக்குள் ரெப்போ அரை சதவீதம் இறங்கியிருந்தது.